வைரஸ் இல்லை என்கிறது ரிப்போர்ட், ஆணுறையை விட மாட்டேன் என்கிறார் அவர்

வடபழனி_வாசி கேட்டது:

எனக்கு 31 வயது, என் துணைவருக்கு 38, இருவரும் ஆண்கள். போன ஆடியிலிருந்து ஒரே வீட்டில் இருக்கிறோம், வீட்டு ஓனருக்கு நாங்கள் ஆபீஸ் நண்பர்கள். அவர் எச்.ஐ.வி. பாசிட்டிவ். முதல் சந்திப்பிலேயே, காபி வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார், "இப்பவே எழுந்து போறதுன்னா போயிடுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்று. நான் போகவில்லை.

தினமும் ராத்திரி டி.எல்.டி. மாத்திரை (மூன்று எச்.ஐ.வி. மருந்து சேர்ந்தது) ஒன்று போடுகிறார். செல்போனில் அலாரம் வைத்திருக்கிறார், அதற்கு அவர் கொடுத்திருக்கும் பெயர் "பால் வாங்கணும்". ஆபீஸில் யாராவது பார்த்தால் கேள்வி வராமலிருக்க. சமீபத்தில் வந்த வைரல் லோட் ரிப்போர்ட்டை, அதாவது ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் என்ற கணக்கை, நானும் பார்த்தேன், "டார்கெட் நாட் டிடெக்டட்" என்று இருந்தது, அதற்கு முந்தைய ரிப்போர்ட்டும் அப்படித்தான். நான் நெகட்டிவ், நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையம்) எடுத்தது.

பிரச்சினை இதுதான். ஆணுறை இனி எதற்கு என்று கேட்டவன் நான். கூடவே கூடாது என்று நிற்பவர் அவர். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தால் அன்று முழுக்க முத்தம் கூடக் கிடையாது. ஷேவிங் செட்டைத் தனி டப்பாவில் பூட்டாத குறையாக வைத்திருக்கிறார். எனக்கில்லாத பயம் அவருக்கு இருக்கிறது, அதை நான் போக்கப் பார்த்தால் இன்னும் அதிகமாகிறது.

எங்கள் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் பேச்சுவாக்கில் இதைக் கேட்டேன். பாதிப் பேர் "உனக்குப் பைத்தியமா" என்றார்கள். சிரிப்பு என்னவென்றால் அதைச் சொன்னவர்களில் இரண்டு பேர், டேட்டிங் ஆப்பில் "கிளீன்", அதாவது நோய் எதுவும் இல்லை, என்று எழுதியிருந்தால் போதும், அன்றைக்கே சந்தித்து ஆணுறை இல்லாமல் இருந்துவிட்டு வந்து கதை சொல்கிறவர்கள்.

இதே நிலையில் இருப்பவர்கள், இருந்தவர்கள் சொல்லுங்கள். நீங்கள் எதை வைத்து முடிவு செய்தீர்கள்? எனக்கு வந்திருப்பது தெளிவா, காதல் மயக்கமா? தயவுசெய்து "டாக்டரைப் பாருங்கள்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

குரோய்டன்_குமரன் எழுதியது:

தம்பி, முதலில் எண்ணைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றதைக் கதைப்போம்.

பார்ட்னர் 2 என்று ஒரு ஆய்வு, 2019 மே மாதம் லான்செட் மருத்துவ இதழில் வந்தது, 14 ஐரோப்பிய நாடுகளில் நடந்தது. எடுத்தவர்கள் எல்லாம் ஆண் சோடிகள், 782 சோடி, ஒருவர் பாசிட்டிவ் மற்றவர் நெகட்டிவ். பாசிட்டிவ் ஆளின் ரத்தத்தில் ஒரு மில்லி லிட்டருக்கு 200 பிரதிக்குக் கீழே வைரஸ் இருந்த காலத்தை மட்டும்தான் கணக்கில் எடுத்தார்கள். ஆணுறை இல்லாத குத உறவு மொத்தம் 76,000 தடவைக்கு மேல். துணையிடமிருந்து துணைக்குத் தொற்றியது எத்தனை என்றால், ஒன்றுகூட இல்லை.

ஆனால் அந்தக் காலத்தில் 15 நெகட்டிவ் ஆண்களுக்குத் தொற்று வந்தது. இதை நம் ஆட்கள் பாதி வாசித்துவிட்டுப் பயப்படுவார்கள். வைரஸின் மரபணுவை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள், 15 இல் ஒன்றுகூட வீட்டிலிருந்த துணையின் வைரஸ் இல்லை. எல்லாம் வெளியே வாங்கியது. அந்த நெகட்டிவ் ஆண்களில் 37 சதவீதம் பேர் வேறு ஆட்களோடும் ஆணுறை இல்லாமல் இருந்ததாகத் தாங்களே சொல்லியிருந்தார்கள். உன் வாட்ஸ்அப் நண்பர்கள் பயப்பட வேண்டிய இடம் எது என்று இப்போது உனக்கு விளங்கும்.

இது ஒரே நாளில் வந்த முடிவும் இல்லை. 2008 இல் சுவிஸ் மருத்துவர்கள் சிலர் "நன்றாக மருந்தெடுத்து வைரஸ் அடங்கியவர் தொற்ற வைப்பதில்லை" என்று அறிக்கை விட்டபோது பொறுப்பில்லாத பேச்சு என்று உலகம் முழுக்கத் திட்டினார்கள். 2011 இல் எச்.பி.டி.என். 052 என்ற பெரிய ஆய்வு வந்தது, 1,763 சோடிகள், உடனே மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்தது. உங்கள் சென்னையும் அதில் ஒரு மையம். ஆனால் அதிலிருந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் ஆண்-பெண் சோடிகள், அதனால் "அது அவர்களுக்குச் சரி, எங்களுக்கு எப்படி" என்ற கேள்வி எங்கள் ஆட்களிடம் எட்டு வருடம் கிடந்தது. பார்ட்னர் 2 அதைத்தான் முடித்து வைத்தது. 2016 இல் நியூயார்க்கில் தொடங்கிய "யூ ஈக்வல்ஸ் யூ" பிரச்சாரம், அதாவது கண்டறிய முடியாத அளவென்றால் தொற்றவும் முடியாது என்ற பேச்சு, அதற்குள் நாடு நாடாகப் போய்விட்டது.

ஆகவே உனக்கு மயக்கமில்லை. கணக்கு உன் பக்கம். ஆனால் கணக்கு உன் பக்கம் இருப்பதால் அவர் உன் பக்கம் வந்துவிட வேண்டும் என்று நினைக்காதே, அது வேறு விசயம்.

வெட்டிப்பேச்சு_வேணு எழுதியது:

ஐரோப்பாவில் எடுத்த கணக்கை வைத்து வடபழனியில் வாழ முடியாது. அங்கே மாத்திரை தீர்ந்தால் வீட்டுக்கே வருமாம், இங்கே தீபாவளிக்கு ஊருக்குப் போனால் நாலு நாள் மாத்திரை கட். அப்புறம் இந்த மாத்திரை வந்ததிலிருந்து நடப்பதைப் பாருங்கள், எல்லோருக்கும் குளிர்விட்டுப் போச்சு. ஆணுறையா, அது எதுக்கு என்கிறார்கள். சிபிலிஸுக்கு "யூ ஈக்வல்ஸ் யூ" இருக்கா? கொனோரியாவுக்கு இருக்கா? படித்தவர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு தலைமுறையையே ஏற்றி விடுகிறீர்கள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், திட்டுவதென்றால் திட்டுங்கள்.

முன்னாள்_கவுன்சிலர் எழுதியது:

வேணு சொன்னதில் தீபாவளி விஷயம் நிஜம், மற்றதற்கு அப்புறம் வருகிறேன்.

தென்மாவட்டத்தில் ஒரு ஏ.ஆர்.டி. மையத்தில், அதாவது எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் இடத்தில், ஆலோசகராக வேலை பார்த்தவன் நான். கேள்வி கேட்ட தம்பிக்கு முதலில் ரிப்போர்ட் பற்றி. நம் அரசு மையங்களில் மருந்து தொடங்கி ஆறாவது மாதம் ஒரு வைரல் லோட், பன்னிரண்டாவது மாதம் ஒன்று, அப்புறம் வருடத்துக்கு ஒன்று. எல்லாம் இலவசம். ஆயிரத்துக்குக் கீழே இருந்தாலே வைரஸ் அடங்கியிருக்கிறது என்று மையத்தில் எழுதுவார்கள், "டார்கெட் நாட் டிடெக்டட்" என்பது அதைவிட எவ்வளவோ கீழே, மெஷினால் பார்க்கவே முடியவில்லை என்று அர்த்தம். தொடர்ந்து இரண்டு ரிப்போர்ட் அப்படி வந்திருக்கிறது, மாத்திரையும் ஒழுங்காகப் போகிறது என்றால் அது நல்ல நிலை. ஒரு நாள் மறந்தால் எல்லாம் கெட்டுவிடாது. வாரக்கணக்கில் நிறுத்தினால்தான் வைரஸ் திரும்ப ஏறும், இரண்டு மூன்று வாரத்திலேயே ஏறிவிடலாம்.

ஊருக்குப் போகும்போது ஏன் மாத்திரை நிற்கிறது தெரியுமா? மறதியால் இல்லை. டப்பா முப்பது மாத்திரை டப்பா, பைக்குள் கிடந்தால் கலகலவென்று சத்தம் போடும். பஸ்ஸில் பக்கத்து சீட்டு மாமா கேட்பார், வீட்டில் அக்கா பையைத் துழாவுவாள். அதனால் லேபிளைக் கிழித்துவிட்டு மேலே பஞ்சை அடைத்து எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அதற்கும் பயந்து மையத்துக்குப் பக்கத்திலேயே நண்பன் ரூமில் வைத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். "பால் வாங்கணும்" என்று அலாரம் வைத்திருக்கும் உங்கள் ஆள் எந்த வகை என்று எனக்குப் புரிகிறது. அவர் மாத்திரையை விட மாட்டார்.

இப்போது வேணுவுக்கு. குளிர்விட்டுப் போனவர்கள் யார் என்று நான் பார்த்த அளவில் சொல்கிறேன். மருந்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். டெஸ்ட்டே எடுக்காதவன்தான் தைரியசாலி. "எனக்கு ஒன்றும் இல்லை" என்பான், கடைசியாக எப்போது பார்த்தாய் என்றால் முழிப்பான். நாட்டில் பெரியவர்களிடம் எச்.ஐ.வி. 0.2 சதவீதம், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடம் 3 சதவீதத்துக்கு மேல். இதில் ரிப்போர்ட் கையில் வைத்திருப்பவனைப் பார்த்துப் பயந்து, ரிப்போர்ட்டே இல்லாதவனிடம் போய் நிற்பதைத்தான் நாம் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு, இந்த மாதிரி விவாதங்களில் யாரும் பேசாதது. ஆணுறை போடுவதா வேண்டாமா என்பதை நம் ஊரில் பல இடங்களில் வைரல் லோட் முடிவு செய்வதில்லை. யார் ரூம், யார் காசு, யாருக்கு அவசரம், யார் யாரை விட்டுப் போய்விடுவார் என்ற பயம், இவைதான் முடிவு செய்கின்றன. என்னிடம் வந்த கோத்திகளில், அதாவது பெண் தன்மையோடு இருக்கும் ஆண்களில், பலருக்கு "வேண்டாம்" என்று சொல்லும் இடமே கிடையாது. பந்தியிடம், அதாவது அவர்களோடு சேரும் "ஆம்பிளை"யிடம், ஆணுறையை எடுத்து நீட்டினால் அடுத்த கேள்வி, "ஏன், உனக்கு ஏதாவது இருக்கா?" அந்தக் கேள்விக்குப் பயந்தே பாசிட்டிவாக இருப்பவர் ஆணுறையைப் பற்றி வாயே திறக்க மாட்டார், மாத்திரையை மட்டும் நம்பி இருப்பார். அதுவும் ஒரு முடிவுதான், அவருக்குக் கிடைத்த இடத்துக்குள் எடுத்த முடிவு. அந்த மாத்திரை அவர் துணையை, அந்தத் துணையின் மனைவியை, யாருக்கும் தெரியாமல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்பது அந்த ஆளுக்குக் கடைசிவரை தெரியப் போவதில்லை.

வடபழனித் தம்பிக்கு வீட்டில் உட்கார்ந்து பேச ஒரு ஆள் இருக்கிறார், வேண்டும் வேண்டாம் என்று சண்டை போட முடிகிறது. அது சின்ன விஷயம் இல்லை.

நூலகவாசி எழுதியது:

வேணுவின் சந்தேகம் பழையது, ஆராய்ச்சிக்காரர்களுக்கும் 1990களின் கடைசியிலேயே வந்துவிட்டது. கூட்டு மருந்து 1996 இல் வந்ததும் "இனி எல்லோரும் ஆணுறையை விட்டுவிடுவார்கள்" என்று பயந்தார்கள். அதைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து 2004 இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் நிக்கோல் கிரெபாஸும் இன்னும் இருவரும் எழுதினார்கள். மருந்து எடுப்பவர்கள், எடுக்காத பாசிட்டிவ் ஆட்களைவிட அதிகமாக ஆணுறை இல்லாமல் இருக்கவில்லை. வைரஸ் அடங்கியவர்களும் அப்படித்தான். ஆனால் "மருந்து இருக்கிறதே, இனி என்ன பயம்" என்ற எண்ணம் யாருக்கு இருந்ததோ அவர்களிடம் ஆணுறை இல்லாத உறவு அதிகமாக இருந்தது, அவர்கள் பாசிட்டிவா நெகட்டிவா என்ற வித்தியாசமே இல்லாமல். ஆக வேணு கண்ணால் பார்த்தது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, அவர் கை காட்டும் ஆள்தான் வேறு. மாத்திரையை யாரோ சாப்பிடுகிறார்கள், தைரியம் யாருக்கோ வருகிறது.

ஐரோப்பாக் கணக்கு என்பதற்கு ஒரு வரி. ஆப்போசிட்ஸ் அட்ராக்ட் என்ற ஆய்வு, 343 ஆண் ஜோடிகள், ஆஸ்திரேலியாவோடு பாங்காக்கும் ரியோ டி ஜெனிரோவும் சேர்த்து எடுத்தது, 2018 இல் வந்தது. அதிலும் துணைக்குத் துணை தொற்றியது பூஜ்யம். பாங்காக் நம் வெயில்தான்.

சிபிலிஸ் விஷயத்தில் வேணு சொல்வது முழுக்கச் சரி. பாசிட்டிவ் ஆண்கள் தங்களுக்குள்ளேயே ஜோடி சேர்ந்துகொண்டு ஆணுறையை விட்டபோது லண்டன், ஆம்ஸ்டர்டாம் பக்கமெல்லாம் 2000க்குப் பிறகு ஹெபடைடிஸ் சி பரவியது. எச்.ஐ.வி. கணக்கு மட்டும் பார்த்து எடுத்த முடிவு அந்தக் கணக்குக்குச் சரியாக இருந்தது, மற்ற கிருமிகள் அந்தக் கணக்கில் இல்லை. நெகட்டிவ் ஆட்கள் நெகட்டிவ் ஆட்களையே தேடிப் போவதில் இன்னொரு ஓட்டை. தொற்று வந்த முதல் சில வாரங்களில்தான் ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருக்கும், மில்லி லிட்டருக்கு லட்சக்கணக்கில், சிலருக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும், அந்த நேரத்தில் டெஸ்ட் நெகட்டிவ் என்றே காட்டலாம். அப்படிப்பட்ட ஒருவர் தன் புரொஃபைலில் மனசாட்சிக்கு விரோதமில்லாமல் "கிளீன்" என்று எழுதலாம், அவருக்கே தெரியாது.

கேட்டவருக்கு உதவும் என்று ஒன்று. சிட்னியில் சூசன் கிப்பாக்ஸ் குழுவினர் 1993 இல் எழுதியது, இரண்டு நெகட்டிவ் ஆண்கள் எப்படிப் பேசி வைத்து ஆணுறையை விட்டார்கள் என்பதைப் பற்றி. இருவரும் டெஸ்ட் எடுத்து முடிவைக் காட்டிக்கொள்வது, வெளியே போவது உண்டா இல்லையா என்று பேசுவது, போனால் அங்கே ஆணுறை கட்டாயம், தவறிவிட்டால் அன்றே வீட்டில் சொல்வது. அப்போது வைரல் லோட் ரிப்போர்ட்டே கிடையாது. இன்று ரிப்போர்ட் வந்துவிட்டது என்பதற்காக அந்தப் பேச்சை விட்டுவிட முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் பார்ட்னர் 2 இல் அந்த 15 பேருக்கும் தொற்று வந்தது வெளியிலிருந்துதான்.

சானட்டோரியம்_சீனியர் எழுதியது:

எல்லோரும் எண்ணாகப் பேசுகிறீர்கள். நான் அந்தப் பக்கத்து ஆள், 2003 முதல் பாசிட்டிவ். தம்பி, உன் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம், அதை முதலில் கொட்டிவிடுகிறேன்.

அந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறவர்களுக்கு உன் வீட்டில் யார் இருக்கிறார் என்று தெரியுமா? தெரியுமென்றால் நீ உன் சந்தேகத்தைக் கேட்கவில்லை, அவர் ரிப்போர்ட்டை ஊருக்கு வாசித்திருக்கிறாய். 2017 இல் வந்து 2018 செப்டம்பரில் அமலான எச்.ஐ.வி. சட்டத்தில் இதற்குத் தனியாகவே இடம் இருக்கிறது, ஒருவரின் நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. சட்டத்தை விடு. அவருக்கு இது தெரிந்தால் ஆணுறைப் பேச்சோடு மற்ற எல்லாப் பேச்சும் நின்றுவிடும். ஆப்பில் "பாசிட்டிவ், அண்டிடெக்டபிள்" என்று குறிக்க ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள், நம் ஊரில் அதை நிரப்பியவர்களை விரல் விட்டு எண்ணலாம். காரணம் இருக்கிறது. கிரைண்டர் என்ற ஆண்-ஆண் டேட்டிங் ஆப் தன் பயனர்களின் எச்.ஐ.வி. தகவலை வெளி நிறுவனங்கள் இரண்டுக்குக் கொடுத்தது என்று 2018 இல் செய்தி வந்து, அதன் பிறகுதான் நிறுத்துவதாகச் சொன்னார்கள். ஆப்பை நம்பலாமா என்று யோசிக்கிறவர் உன்னை நம்பி ரிப்போர்ட்டைக் காட்டியிருக்கிறார்.

சரி, கோபம் முடிந்தது.

அவர் ஏன் பயப்படுகிறார் என்று கேட்டாய். எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன், அவர் கதை வேறாக இருக்கலாம். எனக்குத் தெரியவந்த காலத்தில் எச்.ஐ.வி.க்கு வைத்தியம் பார்த்த அரசு ஆஸ்பத்திரியான தாம்பரம் சானட்டோரியம் என்ற பேரைச் சொன்னாலே வீட்டில் அழுவார்கள். இலவச மருந்து 2004 ஏப்ரலில்தான் தொடங்கியது. அந்த முதல் மருந்தில் ஸ்டாவுடின் இருந்தது, அது பலருக்குக் கன்னத்தை உள்ளே இழுத்துவிடும், தெருவில் போகிறவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். அப்போது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று, "உன்னால் இன்னொருவனுக்கு வரக் கூடாது". கவுன்சிலர் சொன்னார், டாக்டர் சொன்னார், சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரும் சொன்னது. வருடக்கணக்கில் அதைக் கேட்டுக் கேட்டு, என் ரத்தம் என்றாலே ஆயுதம் என்று எனக்குள் ஏறிவிட்டது. அப்புறம் ஒரு நாள் ஒரு காகிதத்தைக் காட்டி "இனி உங்களால் வராது" என்கிறார்கள். மூளை ஏற்றுக்கொண்டது. கைக்கும் உடம்புக்கும் அது போய்ச் சேர ரொம்ப நாளானது. ஆணுறை போட்டுக்கொண்டாலும் முடிந்ததும் குளியலறையில் விளக்கைப் போட்டு அது கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பேன், தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன். என் துணை வெளியே நின்று "இன்னும் என்ன பண்றீங்க" என்பார். சொல்ல மாட்டேன்.

இப்போது நாங்கள் ஆணுறை போடுவதில்லை. எந்த ஆய்வும் என்னை மாற்றவில்லை என்று சொன்னால் அது பொய், படித்தேன், உதவியது. ஆனால் அவர் ஒருபோதும் "எனக்குப் பயமில்லையே, உங்களுக்கென்ன" என்று கேட்டதில்லை. அந்த வாக்கியத்தை நீ சொல்லாதே. உனக்குப் பயமில்லை என்பது உன் தாராளம் மாதிரி கேட்கும், அவருக்கு அது இன்னொரு பாரம். நாளைக்கு எதனாலோ, யாராலோ உனக்கு வந்தால் முதல் விரல் யாரை நோக்கி நீளும்? மரபணு ஒப்பிட்டுப் பார்க்கவா போகிறார்கள் உன் வீட்டில்?

இன்னொன்று கேட்கிறேன். அவர் ரிப்போர்ட் உன்னிடம் இருக்கிறது. உன் ரிப்போர்ட் எங்கே? நம்பிக்கை மையத்தில் எடுத்தது என்றாய், எப்போது எடுத்தது என்று சொல்லவில்லை. சிபிலிஸ் பார்த்தாயா? ஹெபடைடிஸ் பி ஊசி போட்டிருக்கிறாயா? நீ கொண்டு வருவது அவருக்கும் வரும் தம்பி. அந்த ஆணுறை உன்னைக் காப்பாற்றுகிறது என்றே எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

தேக்கா_தோழன் எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து ஒரு சின்னத் தகவல். இங்கே எச்.ஐ.வி. உள்ளவர் உறவுக்கு முன் துணையிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இருந்தது, மீறினால் சிறை. 2024 இல் நாடாளுமன்றத்தில் அதை மாற்றினார்கள், மருந்தை ஒழுங்காக எடுத்துக் குறைந்தது ஆறு மாதமாக வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சட்டம் எழுதுகிறவர்கள் தைரியசாலிகள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும், அவர்களே ஒத்துக்கொண்ட விஷயம் இது. ஆனால் சொல்லக் கட்டாயம் இல்லை என்று வந்த பிறகும் என் நண்பர்களில் பாதிப் பேர் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். பின்னால் தெரிந்து சண்டை வருவதைவிட முன்னாலேயே ஆளைக் கழித்துவிடலாம் என்கிறார்கள்.

வெட்டிப்பேச்சு_வேணு எழுதியது:

சீனியர் அண்ணன் எழுதியதற்கு வணக்கம். பாங்காக் ஆய்வு எனக்குத் தெரியாது, படிக்கிறேன். சிபிலிஸ் விஷயத்தில் நான் இறங்கி வருவதாக இல்லை. கேட்ட ஆள் வெளியே போகிறாரா இல்லையா என்று இன்னும் வாயைத் திறக்கவில்லை, அதையும் கவனியுங்கள்.

வடபழனி_வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகப் பதில் போட முடியவில்லை, படித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வேணு, போன வருடம் வரைக்கும் போனேன், அவருக்குத் தெரிந்துதான், அங்கே ஆணுறையோடு. இந்த வருடம் இல்லை. இனிமேல் போவேனா என்பது இந்தப் பதிவில் எழுதுகிற விஷயம் இல்லை, வீட்டில் பேசுகிற விஷயம்.

சீனியர் அண்ணா, குழு விஷயத்தில் நீங்கள் சொன்னதை அவரிடம் அன்று இரவே சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் "அந்த ரெண்டு பேரும் இனி வீட்டுக்கு வர வேண்டாம்" என்றார், அவ்வளவுதான். உங்கள் பதிலை மட்டும் அவருக்கு வாசித்துக் காட்டினேன், குளியலறை வரி வந்ததும் போனை வாங்கித் தானே படித்தார். ஆணுறை பற்றி அவரே ஒரு பேச்சு எடுத்திருக்கிறார்: அடுத்த வைரல் லோட் வரட்டும், அதே வாரம் நானும் எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் எடுக்க வேண்டும், இரண்டு காகிதத்தையும் மேஜையில் வைத்துப் பேசலாம். அதுவரைக்கும் இப்போது இருக்கிற மாதிரியே. முத்தத் தடை மட்டும் உடனே ரத்தாகியிருக்கிறது. நான் ஒத்துக்கொண்டேன்.

எனக்குத் தடுப்பு மாத்திரை, அதாவது பிரெப், தேவையா என்றும் கேட்டார். கவுன்சிலர் அண்ணா, அதையும் கொஞ்சம் சொல்லுங்கள். அப்புறம் அவருக்கு அடிக்கடி நெஞ்செரிச்சல், ராத்திரி மாத்திரையோடு சேர்த்தே ஜெலுசில் மாதிரி சிரப் குடிக்கிறார். அது பரவாயில்லையா?

முன்னாள்_கவுன்சிலர் எழுதியது:

முதலில் சிரப், ஏனென்றால் அது அவசரம். சேர்த்துக் குடிக்கக் கூடாது. அலுமினியம், மெக்னீசியம் உள்ள ஆன்டாசிட், டி.எல்.டி.யில் இருக்கும் டோலுடெக்ராவிர் என்ற மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது. சிரப் குடிப்பதென்றால் டி.எல்.டி. போட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம், அல்லது சிரப் குடித்து ஆறு மணி நேரம் கழித்து டி.எல்.டி. போடலாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கணக்கு, அவற்றை மட்டும் சாப்பாட்டோடு என்றால் டி.எல்.டி.யோடு சேர்த்தே போடலாம். பேன்டோபிரசோல் மாதிரி காலையில் போடும் மாத்திரையால் இதற்குத் தொந்தரவு இல்லை, நெஞ்செரிச்சல் தினமும் இருந்தால் மையத்து டாக்டரிடம் சொல்லி அதற்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் ரிப்போர்ட் இதுவரை நன்றாக வந்திருப்பதால் பதற வேண்டாம், இன்றிலிருந்து நேரத்தை மாற்றினால் போதும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவராக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், அளவு குறைக்க வேண்டியிருக்கும்.

பிரெப் பற்றி: அவர் ஒருவர் மட்டும்தான் என்றால், அவர் வைரஸ் இதே மாதிரி அடங்கியிருக்கும் வரை உங்களுக்கு அது தேவையில்லை. வெளியே போகிற எண்ணம் இருந்தால் அது அந்த வெளி ஆட்களுக்காக, அப்போது யோசிக்கலாம். தொடங்குமுன் எச்.ஐ.வி. டெஸ்ட், கிட்னிக்குக் கிரியேட்டினின், ஹெபடைடிஸ் பி மூன்றும் பார்க்க வேண்டும், மெடிக்கல் ஷாப்பில் நேராக வாங்கிப் போடாதீர்கள். சில பேர் இதை எல்லாம் விட்டுவிட்டு அவர் மனசமாதானத்துக்காக என்று பிரெப் போடுகிறார்கள், அதிலும் தப்பில்லை, அவருக்கு அது உதவும் என்றால் டாக்டரிடம் அதையே காரணமாகச் சொல்லுங்கள். யாரிடம் போவது என்று தெரியவில்லை என்றால் 1097க்கு போன் போடுங்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.